பூச்சி சாரின் செண்டுமல்லி

வேலை முடிந்து வரும் பூச்சி சாருக்கு வீட்டின் முன்வாசல் கிடையாது. பின்பக்க இரும்புப் படிக்கட்டு வழியாக ஏறி, மேல்படியில் நின்று சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் கழற்றி, அங்கே காத்திருக்கும் நீல வாளியில் போட்டு, இடுப்பில் துண்டோடு குளியலறைக்குள் நுழைந்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் அவர் அந்தக் குடும்பத்தின் ஆள் ஆவார். அதுவரை அவர் கம்பெனி ஆள். இது அவர் மனைவி போட்ட சட்டம். கல்யாணமான இரண்டாம் வாரம் போட்டது. பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தளர்ந்ததில்லை. ஒருமுறை அடைமழையில் தொப்பலாக நனைந்து வந்தவர், "அதான் மழையே குளிப்பாட்டிருச்சே" என்று சொல்லிப் பார்த்தார்.

"மழை சோப்பு போட்டுச்சா?" என்று உள்ளிருந்து கேள்வி வந்தது. அவர் வாளியை இழுத்துக்கொண்டார்.

அவர் வேலை பார்த்தது ஒரு பூச்சி கட்டுப்பாட்டுக் கம்பெனியில். டிரைவர் வேலைக்கு என்றுதான் போனார். வண்டி ஒன்றுதான் இருந்தது, அதற்கு ஆளும் இருந்தது. மருந்து டேங்க் மட்டும் சும்மா இருந்தது. அதை முதுகில் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி, எறும்பு என்று எது எங்கே படை எடுத்தாலும் அவர்தான் முதுகில் டேங்க்கோடு போய் நிற்பார். தொழிலில் கெட்டிக்காரர். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சியே அங்கே எத்தனை நாளாகக் கரப்பான் குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரின் மூலையைப் பார்ப்பார், பிறகுதான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். அதனால் சொந்தக்காரர்கள் அதிகம் கூப்பிடுவதில்லை. தெருவில் அவருக்குப் பூச்சி சார் என்று பெயர் வந்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. 'சார்' என்ற பகுதி அவருக்குப் பிடித்திருந்தது.

மனைவி ரயில் நிலையத்தில் விசாரணை கவுன்ட்டரில் இருந்தார். கண்ணாடியில் உள்ள வட்ட ஓட்டை வழியாக நாளெல்லாம் கேள்விகள் வரும், பதில்கள் போகும். எந்தப் பதிலும் நாலு வார்த்தையைத் தாண்டாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்டால், "பத்து நிமிஷம் தாமதம்" என்பார்.

அவர்கள் குடியிருந்தது மாடி வீடு. கீழே ஓனர். மேலே மொட்டைமாடி, மனைவியின் ராஜ்ஜியம். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் என்று இருபத்துநாலு தொட்டிகள். கவுன்ட்டரில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், மாடியில் ஒவ்வொரு செடியிடமும் நின்று நிதானமாகப் பேசுவார். அங்கேயும் ஒரு சட்டம் இருந்தது. மருந்து ஒரு சொட்டுக்கூட மாடி ஏறக் கூடாது.

"நாம சாப்பிடறதுங்க இது. உங்க டேங்க் வாடை இங்க வந்துச்சு, நான் சமைக்கறத நிறுத்திடுவேன்."

வம்பு வெள்ளை ஈ ரூபத்தில் வந்தது. அந்தக் கோடையில் தக்காளி இலையைத் தொட்டால் போதும், மாவை ஊதிவிட்ட மாதிரி ஒரு மேகம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இலையில் உட்காரும். இலைகள் மஞ்சளாகச் சுருண்டன. காயில் புழு. கத்தரித் தண்டு வாடித் தொங்கியது. பூச்சி சாருக்குக் கை பரபரத்தது. ஐந்தே நிமிட வேலை. ஒரு டேங்க்கூட வேண்டாம், கால் டேங்க் போதும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் பருப்பை நிறுத்துக்கொண்டே, "என்ன சார், உங்க மாடியில பூச்சிங்க மாநாடு நடக்குதாமே" என்றார். கம்பெனி வண்டி டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போய், "நம்ம கம்பெனிக்கு ஃபோன் போடுங்க சார், நல்ல ஆளா அனுப்புவாங்க" என்றான். பூச்சி சார் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு சவரக்கடைக்காரன் பரட்டைத் தலையோடு திரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

ஒரு சாயங்காலம் மனைவி கைப்பையிலிருந்து ஒரு விதைப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரயிலைத் தவறவிட்ட ஒரு பெண், அடுத்த வண்டி வரும்வரை கவுன்ட்டர் ஓரத்தில் நின்று, தோட்டத்தைப் பற்றியே பேசித் தீர்த்திருக்கிறாள். செண்டுமல்லிப் பூவின் வாடைக்கு வெள்ளை ஈ கிட்ட வராதாம். வேர்கூட மண்ணுக்குள் இருக்கும் நுண்புழுவை அடக்குமாம். தக்காளிக்கு நடுவே வைத்தால் போதுமாம். போகும்போது பையிலிருந்த பொட்டலத்தையும் ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள்.

பூச்சி சார் சிரித்தார். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பூவ வச்சுப் பூச்சிய விரட்டறதா? அதுங்க என்ன பேயா, வாடைக்குப் பயந்து ஓட? பூச்சிய பத்தி எனக்கே சொல்றியா நீ?"

மனைவி அசரவில்லை. "மூணு மாசம். பூ தோத்துப்போனா, நீங்க மாடியில மருந்தடிக்கலாம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. பதினெட்டு வருடமாகத் திறக்காத கதவு.

"ஆனா பூவ நீங்கதான் வளக்கணும். விதையில இருந்து."

"நான் எதுக்கு? செடி உன் டிபார்ட்மென்ட்."

"நான் வளத்து ஜெயிச்சா நீங்க நம்ப மாட்டீங்க. நீங்க வளத்துத் தோத்தா நான் நம்பறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அது தெரியும்."

கடைசி வாக்கியம் பாராட்டா, பொறியா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்பது பிறகு புரிந்தது.

முதல் விதைப்பு முக்கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. செண்டுமல்லி விதை சின்னதாக, ஒல்லியாக, ஒரு முனை கறுப்பும் மறுமுனை வெளுத்த நாருமாக, தேய்ந்த தூரிகையின் முடிகளைப் பிய்த்து வைத்த மாதிரி இருக்கும். அதைக் குழித்தட்டில் வரிசையாகப் போட்டு, மேலே ஒரு சிட்டிகை மண் தூவினார். அதற்குப் பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது. புதிதாக வாங்கிய கைத்தெளிப்பானை எடுத்து, கரப்பான் பொந்தைக் குறிபார்ப்பதுபோல் ஒவ்வொரு குழியையும் குறிபார்த்து, முழு அழுத்தத்தில் அடித்தார். மண் தெறித்தது. விதைகள் தட்டின் ஓரம் வழியாக வழிந்து தரையில் போய், மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயைத் தேடிக்கொண்டு நடந்தன.

"பூச்சிங்க இல்லங்க அதுங்க. விதைங்க" என்றார் மனைவி.

இரண்டாம் முறை தண்ணீரைக் கையால் தெளித்தார். காலையில் ஒருமுறை, மதியம் சாப்பாட்டு வேளையில் வண்டியைத் திருப்பச் சொல்லி வந்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மண் சேறானது. முளைத்த நாலைந்தும் அடித்தண்டு அழுகி, குடிகாரர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

வேறு வழியில்லாமல் விதைக்கடைக்குப் போனார். கடைத்தெரு முனையில், பூட்டுச் சரிசெய்யும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிய கடை. அதை நடத்திய அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடியோடு எந்நேரமும் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார். பூச்சி சார் தன் தோல்வியை வேறு யாரோ ஒரு நண்பரின் தோல்வி மாதிரி எடுத்துச் சொன்னார். அந்த அம்மா மடிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"உங்க நண்பர் ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி விடறார்?"

"மூணு தடவ."

"அவர் கைய கட்டிப் போடச் சொல்லுங்க. மண்ணத் தொட்டுப் பாக்கணும், காஞ்சிருந்தாத்தான் விடணும். தட்ட வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவுல வைக்கணும். அப்புறம் தள்ளி நிக்கணும். அதுதான் கஷ்டம்."

மூன்றாம் முறை விதைத்துவிட்டுத் தள்ளி நின்றார். உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். மண்ணை லேசாகத் தூக்கிக்கொண்டு பச்சையாக ஒன்று வளைந்து நின்றது. பக்கத்துக் குழியில் இன்னொன்று, தலையில் விதையின் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு. முப்பது குழியில் இருபத்தாறு. இரண்டு முறை எண்ணினார். வேலையில் அவர் எண்ணியதெல்லாம் செத்து மல்லாந்து கிடந்தவற்றைத்தான். கீழே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"என்ன சார் லேட்டு?"

"இருபத்தாறு" என்றார் பூச்சி சார், வண்டியில் ஏறிக்கொண்டே. டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ உடம்புச் சோதனையில் வந்த அளவு என்று நினைத்து, அன்று முழுக்க அவரைக் கனமான எதையும் தூக்கவிடவில்லை.

நாற்றுகளைப் பிரித்துத் தொட்டியில் நடும் நேரம் வந்ததும், போட்டியை முறையாக நடத்த முடிவு செய்தார். மாடியின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கிழக்குப் பாதியில் ஒவ்வொரு காய்கறித் தொட்டிக்கும் பக்கத்தில் ஒரு செண்டுமல்லி. மேற்குப் பாதியில் எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சியை எண்ணுவார். எண்ணியதைக் கம்பெனி ஆய்வுப் படிவத்தில் எழுதுவார். வாடிக்கையாளர் என்ற இடத்தில் மனைவி பெயர், பாதிப்பின் தன்மை, காணப்பட்ட உயிரினம், எண்ணிக்கை எல்லாம் முத்து முத்தாக. அடியில் வாடிக்கையாளர் கருத்து என்று ஒரு கட்டம் உண்டு. மனைவி அதில் முதல் வாரம், "பணியாளர் அரைமணிக்கு ஒருமுறை டீ கேட்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செடி வளர வளர அவருக்கு ஆசையும் வளர்ந்தது. விதைக்கடைக்குப் போவது வாடிக்கையாகிவிட்டது. இப்போது நண்பர் யாரும் இல்லை, எல்லாம் தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். ஒருநாள், "இருக்கறதுலயே பலமான பூ எது?" என்று கேட்டார். அந்த அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஒரு சாமந்திப் படம்.

"பைரித்ரம். இந்தப் பூவக் காயவச்சுப் பொடி பண்ணித்தான் அந்தக் காலத்துல பூச்சி மருந்தே செஞ்சாங்க. அப்புறம் இதே சரக்க ஃபேக்டரியில செய்யக் கத்துக்கிட்டாங்க. நீங்க அடிக்கறீங்களே, டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

வண்டிக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். சின்ன எழுத்தில், அதே குடும்பப் பெயர், கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. பதினெட்டு வருடமாக முதுகில் சுமந்த சாமான் ஒரு பூவுக்குப் பேரன் முறை என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, குளித்து, மனைவியிடம் சொன்னார்.

மனைவி யோசித்துவிட்டு, "அப்ப உங்க டேங்க்ல இருந்தது பூவா?" என்றார்.

"பூவோட நகல்."

"அசல் எப்பப் பூக்கும்?"

"அடுத்த வருஷம்னு சொன்னாங்க. அதுவும் குளிர் இருந்தாத்தானாம்."

"காத்திருப்போர் பட்டியல்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனார்.

ஏழாம் வாரம் செண்டுமல்லி பூத்தது. கிழக்குப் பாதி மாடி, யாரோ மஞ்சள் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு எண்ணப் போனவர் ஒரு காட்சியைக் கண்டு குதூகலித்தார். செண்டுமல்லி மொட்டுக்குள் தலையை விட்டு ஒரு காய்ப்புழு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. கையும் களவுமாக. மனைவியைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? பூச்சிய விரட்டற பூவப் பூச்சியே தின்னுது. முடிஞ்சுது கதை."

மனைவி குனிந்து பார்த்தார். பிறகு பக்கத்துத் தக்காளியைத் திருப்பிக் காட்டினார். ஒரு காயிலும் ஓட்டை இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் மேற்குத் தக்காளியைக் காட்டினார். ஏழு காயில் ஓட்டை.

"இங்க பூ இருக்கு, அதத் தின்னுது. அங்க பூ இல்ல, தக்காளியத் தின்னுது."

பூச்சி சார் பேனாவை எடுத்தார். படிவத்தில் நேர்மையாக எழுதினார்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஒரு மனிதனுக்குப் புதிதாக ஒன்று தெரிந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கூப்பிட்ட ஒரு வீட்டில், டேங்க்கை இறக்கி வைத்துவிட்டு, "மேடம், இதுக்கு மருந்தே வேணாம், ரெண்டு மாசம் பொறுங்க, நான் நாத்து கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மேடம் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, வந்தது மருந்தடிப்பவரா தோட்டக்காரரா என்று விசாரித்தார். மானேஜர் அவரைக் கூப்பிட்டார். புதிதாக வந்த மானேஜர், மேஜைமேல் ஒரு தூசி இருந்தாலும் அதையும் பூச்சியாக நினைத்துப் பார்ப்பவர்.

"என்னய்யா, மருந்து விக்கற கம்பெனியில இருந்துக்கிட்டு மருந்து வேணாம்னு சொல்லியிருக்க?"

"ஒரு தோட்டத்துக்குத்தான் சார் சொன்னேன். கரப்பானுக்கெல்லாம் சொல்லல."

"இனிமே எதுக்கும் சொல்லாத."

சரி சார் என்று வந்துவிட்டார். நாலு நாள் கழித்து, காலையில் வேலைச் சீட்டைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றார். மொட்டைமாடி, தொட்டிச் செடிகளில் புழு, முழு மாடிக்கும் மருந்து. புகார் கொடுத்தவர் கட்டட உரிமையாளர். தெருப் பெயரும் கதவு எண்ணும் அவருக்கு நன்றாகவே தெரிந்தவை.

ஓனர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். இன்றும் சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் வெளியே வரமாட்டார். முதல் நாள் காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது தலையங்கத்தின்மேல் பச்சைப் புழு ஒன்று விழுந்திருக்கிறது. நீளம் நாலு சென்டிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டு, மாடித் தோட்டத்தை ஒரு முறை முறைத்துவிட்டு, ஃபோனை எடுத்திருக்கிறார். குடியிருப்பவரிடம் சொன்னால் அவர் மனைவியின் கட்சிதான் ஜெயிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நேராகக் கம்பெனிக்கே சொல்லிவிட்டார்.

வண்டி தெருவுக்குள் திரும்பியது. டிரைவர், "இது உங்க தெருவாச்சே சார்" என்றான்.

"ம்."

"உங்க வீட்டுப் பக்கத்துல நிறுத்தச் சொல்றீங்களா?"

"பக்கத்துல இல்லப்பா. வீடேதான்."

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, இந்தக் காட்சியைப் பார்க்காமல் போனால் ஜென்மம் வீண் என்ற முகத்தோடு கூடவே இறங்கினான்.

கம்பெனி விதிப்படி, சீருடையோடு முன்வாசலில்தான் மணி அடிக்க வேண்டும். பூச்சி சார் தன் வீட்டு மணியை அடித்தார். அந்த மணியின் சத்தமே அவருக்குப் புதிதாக இருந்தது. மனைவிக்கு அன்று வார விடுமுறை. கதவைத் திறந்து, முகமூடி, டேங்க், கையுறை எல்லாவற்றையும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"வணக்கம் மேடம். பூச்சி கட்டுப்பாட்டு சேவையில இருந்து வர்றோம்" என்றார் பூச்சி சார். பின்னால் டிரைவர் நின்றதால் முறைப்படிதான் பேச வேண்டியிருந்தது.

"அடையாள அட்டை?"

எடுத்துக் காட்டினார். மனைவி அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோல முடி நிறைய இருக்கே."

"பழைய போட்டோ மேடம்."

"என்ன விஷயமா?"

"மாடிச் செடிக்கு மருந்து அடிக்கச் சொல்லிப் புகார் வந்திருக்கு. குடியிருக்கறவங்க சம்மதக் கையெழுத்து வேணும்." குரலைத் தாழ்த்தி, "போட்றாத" என்றார்.

"போட மாட்டேன்" என்றார் மனைவி, உரக்க.

அதற்குள் ஓனர் டேப்போடு மேலே வந்துவிட்டார். சீருடைக்குள் இருப்பது யார் என்று பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு நியாயம் தன் பக்கம் என்ற தைரியத்தில் நிமிர்ந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அடிங்க. உங்க மாடிச் செடியில இருந்து என் நாற்காலிக்கு நேர்கோட்டுல ஆறரை மீட்டர். அங்க இருந்துதான் விழுந்திருக்கு."

"முதல்ல ஆய்வு சார். அப்புறம்தான் மருந்து. விதி அப்படி. புழு இருக்கா?"

இருந்தது. ஓனர் சாட்சியத்தை ஜாம் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். பூச்சி சார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு தெளிவு வந்தது. மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் புழுவின் முதுகில் லேசாகத் தட்டினார். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு விசுக்கென்று வெளியே வந்தது. கூடவே புளித்துப்போன பழத்தின் வாடை. ஓனர் இரண்டு மீட்டர் பின்னால் போனார். அதை அவர் அளக்கவில்லை.

"இது எலுமிச்சைப் புழு சார். எலுமிச்சை ஜாதி இலையத் தவிர வேற எதையும் இது தொடாது. தக்காளிய மோந்துகூடப் பாக்காது. மாடியில எலுமிச்சை இல்ல."

மூவரும் மெதுவாக வாசலை ஒட்டிய கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்கள். ஓனரின் எலுமிச்சை மரம், அவர் ஆசையாக வளர்த்தது, சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே குடை மாதிரி கிளை விரித்து நின்றது. பாதி இலைகளின் ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தது.

"பூச்சி எங்க இருந்து வருதோ அங்கதான் அடிக்கணும்னு விதி" என்றார் பூச்சி சார். "அந்த மரத்துக்கு அடிச்சுடலாமா சார்?"

ஓனர் பதறிவிட்டார். "அய்யய்யோ, அதுலயா? தினமும் அந்தப் பழத்தப் பிழிஞ்சுதான் நான் குடிக்கிறேன்."

மனைவி ஓனரைப் பார்த்தார். கவுன்ட்டரில் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்பவரைப் பார்க்கும் அதே பார்வை. ஓனர் இழுத்துப் பிடித்திருந்த டேப்பை விட்டார், டேப் உள்ளே போனது, அவரும் கீழே போனார்.

பூச்சி சார் சீட்டில் 'மருந்து தேவையில்லை' என்று எழுதினார். டிரைவர் வண்டியிலிருந்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டான். இரண்டு முறை சொல்லியும் மானேஜருக்கு விளங்கவில்லை. எந்த மருந்து, ஏன் தேவையில்லை, யார் சொன்னது என்று கத்திவிட்டு, நேரில் வருவதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் மனைவி சட்டப்படி கணவரைப் பின்பக்கம் அனுப்பி, குளிக்க வைத்து, வீட்டு உடுப்பில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்திருந்தார்.

திறந்திருந்த கதவு வழியாக மானேஜர் உள்ளே பார்த்தார். வாடிக்கையாளர் வீட்டு நாற்காலியில் தன் பணியாளர் தலை ஈரத்தோடு, பனியனும் கைலியுமாக, கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர் குரல் கீச்சென்று வந்தது.

"என்னய்யா இது? கஸ்டமர் வீட்டுக்குள்ள... குளிச்சு வேற இருக்க?"

"அவர் இங்கதாங்க குளிப்பார்" என்றார் மனைவி, இன்னொரு டம்ளரோடு வந்து. "பதினெட்டு வருஷமா."

மானேஜர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். அதிலும் முடி நிறைய இருந்தது. டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான்.

வந்ததற்கு மாடியையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார் மானேஜர். பூச்சி சார் அழைத்துப் போனார். சுண்ணாம்புக் கோடு, மஞ்சள் பூ, ஆணியில் கோத்துத் தொங்கிய ஆய்வுப் படிவங்கள். மானேஜர் படிவங்களைப் புரட்டினார். கம்பெனியில் எவரும் இத்தனை ஒழுங்காகப் படிவம் நிரப்பி அவர் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் கருத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். போய்விட்டார்.

மறுநாள் மெமோ வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் மெமோ. கம்பெனி படிவத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது, வேலை நேரத்தில் குளித்தது, டீ குடித்தது ஆகியவற்றுக்கு விளக்கம் தரவும். பூச்சி சார் விளக்கம் எழுத உட்கார்ந்தார். மூன்று தாள் கிழித்தார். நாலாவது தாளை மனைவி வாங்கிக்கொண்டார்.

"படிவம்: பூச்சி எண்ண. குளியல்: மனைவி உத்தரவு. டீ: மனைவி கொடுத்தது. மேல் விவரத்துக்கு விசாரணை கவுன்ட்டர், காலை எட்டு முதல் நாலு வரை."

"இதப் போய்க் கொடுக்கறதா?"

"கேட்டதுக்குப் பதில் இருக்கா?"

இருந்தது. கையெழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு மெமோவைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மானேஜரே ஒரு காலி கேக் பெட்டியோடு வந்து நின்றார்.

"எனக்கில்ல. எங்கம்மாவுக்கு. அவங்க தக்காளி இலையத் தொட்டா வெள்ளையா என்னமோ பறக்குதாம். நாத்து ரெண்டு மூணு இருந்தா..." என்று இழுத்தார். பூச்சி சார் எட்டு நாற்று வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது மூன்று முறை சொன்னார், தண்ணீர் அதிகம் விடவேண்டாம், தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று. அதன் பிறகு தோட்டத்துக்கு என்று அழைப்பு வந்தால் மானேஜர் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் 'முதலில் ஆய்வு' என்று எழுதி அவரிடம் நீட்டுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். கரப்பானுக்கும் கறையானுக்கும் பூச்சி சார் பழையபடி டேங்க்கோடுதான் போனார். அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. இறுதி எண்ணிக்கை நாளில், வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே மாடி ஏறினார். வெள்ளை ஈ கிழக்கில் பாதிக்கும் குறைவு. தக்காளிக்காயில் ஓட்டை கிழக்கில் மொத்தமே மூன்று. வெண்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே கதிதான், பூவால் அதற்கு ஒரு பயனும் இல்லை. மிளகாயில்தான் இடி. கிழக்கு, மேற்கு என்ற பேதமே இல்லாமல், தண்டு முழுக்கப் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. பூவின் வாடையை அது சட்டைகூடச் செய்யவில்லை.

எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, தீர்ப்பு என்று ஒரு கட்டத்தைத் தானே வரைந்து, 'தக்காளிக்கு ஜெயம். வெண்டைக்கு இல்லை. மிளகாய்க்குத் தோல்வி' என்று முடித்தார். மனைவியிடம் நீட்டினார். மிளகாய்க்கு மட்டுமாவது மருந்தடிக்க உரிமை உண்டு என்று வாதாட அவருக்கு இடம் இருந்தது. மனைவியும் அதை எதிர்பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் கேட்டது வேறு.

"மாவுப்பூச்சிக்கு என்ன பூ?"

"அதுக்குப் பூ இல்லைங்க. சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும். ஒவ்வொண்ணாத் தேய்ச்சு எடுக்கணும்."

"ஒவ்வொண்ணாவா? ஆயிரம் இருக்கும்."

"ஆமா."

பூச்சி சார் மிளகாய்ச் செடிகளைப் பார்த்தார். எட்டுத் தொட்டி. கீழே போய், முக்காலி இரண்டு, பிரஷ் இரண்டு, குவளையில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு முக்காலியை மனைவி பக்கம் தள்ளினார். இருவரும் ஆளுக்கொரு தொட்டியை முன்னால் இழுத்துவைத்து உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை தேய்த்தார்கள்.

"அந்தக் கணுவுல ஒண்ண விட்டுட்டீங்க" என்றார் மனைவி.

"பாத்தேன், பாத்தேன். அதுக்குத்தான் வர்றேன்" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டே.